தேடுவோரை மட்டும் எண்ணும் கணக்கு



அமெரிக்காவில் அப்பலாச்சிய மலைத்தொடருக்குள் முழுவதுமாக அடங்கிய மாநிலம் ஒன்றே ஒன்றுதான்: வெஸ்ட் வர்ஜீனியா. உள்நாட்டுப் போரின் நடுவில், 1863-இல், வர்ஜீனியாவிலிருந்து பிரிந்து தனி மாநிலமானது. நம் மாவட்டங்களைப் போல அங்கே 55 கவுன்ட்டிகள். 1983-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் இந்த மாநிலத்தின் வேலையின்மை விகிதம் 18 விழுக்காட்டைத் தொட்டது. நாடு முழுவதும் நெருக்கடி உச்சத்தில் இருந்த 1982 இறுதியில்கூட அமெரிக்காவின் விகிதம் 10.8-ஐத் தாண்டவில்லை. நாற்பது ஆண்டு கழித்து, 2023-இல், அதே வெஸ்ட் வர்ஜீனியாவின் விகிதம் 4 விழுக்காட்டுக்குக் கீழே வந்தது.

இந்த இரண்டு எண்களை மட்டும் பார்க்கிறவர், ஒரு மாநிலம் கரையேறிவிட்டது என்றே எண்ணுவார். வேலைகள் ஓரளவு கூடின என்பது உண்மைதான். மருத்துவமனைகள், பல்கலைக்கழகங்கள், அரசு அலுவலகங்கள், இயற்கை எரிவாயு எனப் புதிய துறைகள் வந்தன. ஆனால் கணக்கின் இன்னொரு பக்கமும் இருக்கிறது. 1980-இல் அங்கே 19 லட்சத்து 50 ஆயிரம் பேர் வாழ்ந்தார்கள். 1990-இல் 17 லட்சத்து 93 ஆயிரம். பத்தே ஆண்டுகளில் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் குறைந்தனர். 1950-இல் இருந்த மக்கள்தொகையைவிட 2020-இல் குறைவாக இருந்த ஒரே மாநிலம், ஐம்பதிலும், இதுதான். வேலை தேடி ஒஹையோவுக்கும் மிச்சிகனுக்கும் தெற்கு மாநிலங்களுக்கும் போனவர் வெஸ்ட் வர்ஜீனியாவின் வேலையில்லாதோர் பட்டியலில் இருந்து கழிந்துவிடுகிறார். அவர் போன இடத்தில் வேலை கிடைத்ததா என்பது இந்த மாநிலத்தின் கணக்கில் வராது.

ஒரு மாநிலத்தின், அதைவிட ஒரு கவுன்ட்டியின், வேலையின்மை விகிதம் எதைச் சொல்கிறது, எதைச் சொல்லாமல் விடுகிறது என்பதே இன்றைய பேச்சின் பொருள். இது வெறும் புள்ளிவிவர ஆராய்ச்சி அன்று. இந்த எண்ணைப் பார்த்துத்தான் அங்கே யாருக்கு உணவு உதவி, எவ்வளவு காலம் என்பது முடிவாகிறது.

முதலில் எண்ணும் முறை. மாதந்தோறும் ஏறத்தாழ 60,000 வீடுகளில் அமெரிக்க அரசு விசாரிக்கிறது. பொதுவாக அந்த மாதத்தின் 12-ஆம் தேதி அடங்கிய வாரத்தைப் பற்றியே கேள்வி. அந்த வாரத்தில் ஒரு மணி நேரம் கூலிக்கு வேலை செய்திருந்தாலும் அவர் வேலையில் இருப்பவர். வேலை இல்லை, கிடைத்தால் செய்யத் தயார், கடந்த நான்கு வாரங்களுக்குள் தேடவும் செய்தார் என்றால் அவர் வேலையில்லாதவர். வேலை இல்லை, ஆனால் தேடவும் இல்லை என்றால்? அவர் இரண்டிலும் சேரமாட்டார். உழைப்புப் படைக்கு வெளியே நிற்பவர் என்று ஒதுக்கப்படுவார். வேலை செய்பவரும் தேடுபவரும் சேர்ந்ததுதான் உழைப்புப் படை. அதில் தேடுபவரின் பங்குதான் வேலையின்மை விகிதம்.

ஒரு மணி நேர விதி அமெரிக்காவுக்கு மட்டும் உரியதன்று. உலகத் தொழிலாளர் அமைப்பு வகுத்த தரம் அது. 2017-இல் தொடங்கிய இந்தியாவின் காலமுறை உழைப்புப் படைக் கணக்கெடுப்பும் வார நிலையைக் கணக்கிடும்போது, ஏழு நாளில் ஒரு மணி நேரம் உழைத்தவரை வேலையில் இருப்பவராகவே கொள்கிறது. தமிழ்நாட்டின் விகிதத்தைச் செய்தித்தாளில் படிக்கும்போதும் இதை மறக்காமல் இருப்பது நல்லது.

ஒரு சிறிய கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஓர் ஊரில் 100 பேர் உழைப்புப் படையில் இருக்கிறார்கள். 90 பேருக்கு வேலை உண்டு, 10 பேர் தேடுகிறார்கள். விகிதம் 10 விழுக்காடு. தேடித் தேடி அலுத்துப்போய் அந்தப் பத்தில் ஐவர் வீட்டோடு இருந்துவிடுகிறார்கள். இப்போது உழைப்புப் படை 95. தேடுபவர் 5. விகிதம் 5.3 ஆக இறங்கிவிட்டது. ஒருவருக்கும் புதிதாக வேலை கிடைக்கவில்லை. ஆனாலும் விகிதம் ஏறக்குறைய பாதியாகிவிட்டது.

இது கற்பனை ஊர். கற்பனை இல்லாத ஊர் ஒன்று உண்டு. அதற்குப் போக மாநிலத்தின் தென்கோடிக்கு, மெக்டவல் கவுன்ட்டிக்கு, மலைப்பாதை ஏற வேண்டும்.

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அமெரிக்காவிலேயே அதிகமாக நிலக்கரி வெட்டிய கவுன்ட்டிகளில் முன்வரிசையில் இருந்தது மெக்டவல். தலைநகர் வெல்ச். பள்ளத்தாக்குகளில் சுரங்கக் கம்பெனிகளே கட்டிய வீடுகள், கம்பெனிக் கடைகள். தெற்கு மாநிலங்களிலிருந்து வந்த கறுப்பினத் தொழிலாளர்களும் இத்தாலி, ஹங்கேரி, போலந்து நாடுகளிலிருந்து வந்தவர்களும் ஒரே சுரங்கத்தில் இறங்கினார்கள். 1950 மக்கள்தொகைக் கணக்கில் 98,887 பேர்.

அதே 1950-இல் சுரங்கத் தொழிலாளர் சங்கத் தலைவர் ஜான் எல். லூயிஸ் முதலாளிகளோடு ஓர் ஒப்பந்தம் செய்தார். வெட்டுகிற ஒவ்வொரு டன்னுக்கும் தொழிலாளர் நல நிதிக்கு முதலாளிகள் பணம் கட்ட வேண்டும், கூலியும் உயரும். அதற்கு ஈடாக எந்திரங்கள் வருவதைச் சங்கம் தடுக்காது. நல நிதி பெரிய மருத்துவமனைகளைக் கட்டியது. வேலையில் நீடித்தவர்களின் கூலியும் உயர்ந்தது. ஆனால் எந்திரம் நிலக்கரியை வெட்டி அதுவே வாரி ஏற்றத் தொடங்கியபோது, மண்வெட்டியால் வண்டியில் அள்ளிப்போட்டவர்களுக்கு வேலை இல்லாமல் போனது. அந்த வேலையில் அதிகம் இருந்தவர்கள் கறுப்பினத் தொழிலாளர்கள்; முதலில் வெளியேற்றப்பட்டவர்களும் அவர்களே. 1940-களின் இறுதியில் மாநிலம் முழுவதும் ஒன்றேகால் லட்சம் பேர் சுரங்கத்தில் இருந்தார்கள். 1960-களின் தொடக்கத்தில் அது 50,000-க்கும் கீழே இறங்கிவிட்டது. இன்று 20,000 பேர்கூட இல்லை.

1960 கணக்கில் மெக்டவலின் மக்கள் 71,359. பத்தாண்டில் 27,000 பேருக்கு மேல் குறைந்தனர். அந்த ஆண்டு அதிபர் தேர்தலுக்கான கட்சி வாக்கெடுப்பில் போட்டியிட்ட ஜான் கென்னடி இந்த மலைகளுக்கு வந்தார். பசியை நேரில் பார்த்தார். பதவியேற்றதும் அவர் பிறப்பித்த முதல் ஆணை, ஏழைகளுக்கு வழங்கும் உணவுப் பொருள்களைக் கூட்டுவது பற்றியதே. தொடர்ந்து உணவுச் சீட்டுத் திட்டம் சோதனை முறையில் தொடங்கியது. 1961 மே 29 அன்று வெல்ச் நகரில், பதினைந்து பேர் கொண்ட ஒரு குடும்பத்துக்கு 95 டாலர் மதிப்புள்ள சீட்டுகளை வேளாண் அமைச்சர் ஆர்வில் ஃப்ரீமன் தம் கையாலேயே வழங்கினார். அமெரிக்காவின் இன்றைய உணவு உதவித் திட்டம் முழுவதும் அந்தச் சீட்டுகளிலிருந்து வளர்ந்தது. மெக்டவல் அதன் பிறந்த ஊர். இதை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். பேச்சின் பிற்பகுதியில் இது தேவைப்படும்.

'அக்டோபர் ஸ்கை' என்ற 1999-ஆம் ஆண்டுப் படத்தைப் பார்த்தவர்கள் இந்த அவையில் இருக்கலாம். அந்தக் கதை நடப்பது இதே கவுன்ட்டியின் கோல்வுட் என்ற சுரங்க ஊரில். சுரங்க மேற்பார்வையாளரின் மகன் ஹோமர் ஹிக்கம் ராக்கெட் செய்து பார்த்து, படித்து, கடைசியில் நாசாவின் பொறியாளர் ஆகிறார். உண்மைக் கதை. ஊரே அவரால் பெருமைப்பட்டது, அது நியாயம்தான். வேலையின்மைக் கணக்கின் வழியாகப் பார்த்தால் அவரும் ஊரைவிட்டுப் போன பல்லாயிரம் பேரில் ஒருவர். படித்தவர், உடல் வலு உள்ளவர், துணிந்து கிளம்பக்கூடியவர் முதலில் போவார். எஞ்சியிருப்போர் யார் என்பதை அந்த வரிசையே முடிவு செய்துவிடுகிறது.

1986-இல் யு.எஸ். ஸ்டீல் நிறுவனம் மெக்டவலின் கேரி சுரங்கங்களை மூடியது. 1980-இல் 49,899 ஆக இருந்த மக்கள்தொகை 1990-இல் 35,233 ஆனது. 2005-இல் கிம்பால் ஊரில் வந்த வால்மார்ட் கடை கவுன்ட்டியின் பெரிய வேலைத் தளங்களில் ஒன்றாக இருந்தது. 2016 ஜனவரியில் அதுவும் மூடப்பட்டது. 2020-இல் மக்கள் 19,111. எழுபது ஆண்டுகளில் ஐந்தில் நான்கு பங்கு கரைந்துவிட்டது. அந்த 19,111-க்குள் 2010-இல் திறந்த கூட்டரசுச் சிறைச்சாலையின் கைதிகளும் அடக்கம். மக்கள்தொகைக் கணக்கு கைதிகளைச் சேர்த்து எண்ணும். உழைப்புப் படைக் கணக்கு அவர்களைத் தொடாது.

இப்போது கேட்க வேண்டிய கேள்வி: மெக்டவலின் வேலையின்மை விகிதம் எவ்வளவு? முப்பதா, நாற்பதா என்று நினைக்கத் தோன்றும். அண்மை ஆண்டுகளில் அது பெரும்பாலும் ஒற்றை இலக்கத்தில்தான் இருந்துவந்தது. மாநில சராசரியைவிட அதிகம், ஆனால் அதிர்ச்சி தரும் எண் அன்று. அதிர்ச்சி தருகிற எண் வேறு இடத்தில் இருக்கிறது. 16 வயதுக்கு மேற்பட்டவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவரே உழைப்புப் படையில் இருக்கிறார். மற்ற இருவரும் வேலையிலும் இல்லை, தேடவும் இல்லை. மாநில அளவில் உழைப்புப் பங்கேற்பு 54, 55 விழுக்காடு. நாட்டின் அளவு 62-ஐ ஒட்டியது. அந்தப் பட்டியலில் வெஸ்ட் வர்ஜீனியா ஆண்டுக்கணக்காகக் கடைசியிலோ, மிசிசிப்பிக்கு அடுத்துக் கடைசிக்கு முந்தியோ நிற்கிறது.

அவர்கள் ஏன் தேடவில்லை? சோம்பல் என்று சொல்கிற அரசியல்வாதிகள் அங்கும் உண்டு. உண்மைக் காரணங்கள் எளிதில் எண்ணக்கூடியவை. வயதானோர் அதிகம், ஏனென்றால் இளையோர் போய்விட்டார்கள். பல ஆண்டுகளாக மாநிலத்தில் பிறப்பைவிட இறப்பு அதிகம். சுரங்கத் தூசி உண்டாக்கும் கருநுரையீரல் நோய் ஒரு தலைமுறையையே மூச்சுத் திணற வைத்தது. 1968-இல் ஃபார்மிங்டன் சுரங்க வெடிப்பில் 78 பேர் இறந்த பிறகு, 1969-இல்தான் தூசிக்கு வரம்பு விதித்துக் கடுமையான சட்டம் வந்தது. முதுகு ஒடிந்தவர்களுக்கும் மூட்டு தேய்ந்தவர்களுக்கும் வலிமாத்திரை எழுதித் தரப்பட்டது. பக்கத்து மிங்கோ கவுன்ட்டியில் வில்லியம்சன் என்ற ஊர். மூவாயிரம் பேர்கூட இல்லை. அங்கிருந்த இரண்டு மருந்துக் கடைகளுக்குப் பத்தாண்டுகளில் 2 கோடியே 8 லட்சம் வலிமாத்திரைகள் அனுப்பப்பட்டன என்று அமெரிக்க நாடாளுமன்றக் குழு 2018-இல் கண்டறிந்தது. 2010-ஐ ஒட்டிய ஆய்வுகளின்படி மெக்டவல் ஆண்களின் சராசரி ஆயுள் 64 ஆண்டுகள். முழு ஓய்வூதிய வயதை எட்டும் முன்பே முடிந்துவிடும் வாழ்க்கை அது. வாஷிங்டன் அருகேயுள்ள ஃபேர்ஃபாக்ஸ் கவுன்ட்டி ஆண்களுக்கு 82. இரண்டுக்கும் இடையே அரை நாள் கார்ப் பயணம்.

மாநிலத்தின் மறுகோடியில் இன்னொரு காட்சி. வடகிழக்கு மூலையிலுள்ள ஜெஃபர்சன், பெர்க்லி கவுன்ட்டிகளின் வேலையின்மை விகிதம் பொதுவாக மாநில சராசரியைவிடக் குறைவு, மக்கள்தொகையும் வளர்கிறது. காரணம் அந்தக் கவுன்ட்டிகளுக்குள் மட்டும் இல்லை. மார்ட்டின்ஸ்பர்க்கிலும் ஹார்ப்பர்ஸ் ஃபெரியிலும் காலை ரயில் ஏறினால் வாஷிங்டனில் இறங்கலாம். வேலையின்மையை எண்ணுவது ஆள் குடியிருக்கும் இடத்தில், வேலை செய்யும் இடத்தில் அன்று. ஆகவே தலைநகர் வட்டாரத்தின் செழிப்பு வெஸ்ட் வர்ஜீனியாவின் எண்ணாகப் பதிவாகிறது. மொனங்கேலியா கவுன்ட்டிக்கு வேறு காரணம்: மார்கன்டவுன் நகரின் மாநிலப் பல்கலைக்கழகமும் அதன் மருத்துவமனையும். 2021 ஜூலை இறுதியில் அங்கே மருந்துத் தொழிற்சாலை ஒன்று மூடி 1,400-க்கும் மேற்பட்டோர் வேலை இழந்தபோதும் கவுன்ட்டியின் விகிதம் குறைந்தவற்றின் வரிசையிலேயே நின்றது. அந்த ஆலையிலிருந்து வெளியேறிய ஐம்பது வயதுக்காரருக்கு அந்த விகிதத்தால் ஆறுதல் எதுவும் கிடைத்திருக்காது.

குடியிருப்பை வைத்து எண்ணுவதன் மறுபக்கம் வியர்ட்டன். மாநிலத்தின் வடக்கு நுனி, ஒருபுறம் ஒஹையோ, மறுபுறம் பென்சில்வேனியா. ஒருகாலத்தில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் வேலை செய்த எஃகு ஆலை அங்கே இருந்தது. 1984-இல் தொழிலாளர்களே அதை வாங்கி நடத்தினார்கள். அந்நாளில் நாடே பேசிய செய்தி அது. 2003-இல் திவால். கடைசியாக எஞ்சியிருந்தது டின் தகடு செய்யும் பிரிவு. இறக்குமதித் தகட்டுக்குத் தண்டவரி கூடாது என்று வர்த்தக ஆணையம் 2024 பிப்ரவரியில் முடிவு செய்ததும், அதையும் நிறுத்துவதாகக் கிளீவ்லேண்ட்-கிளிஃப்ஸ் நிறுவனம் அறிவித்தது. 900 பேரின் வேலை. அவர்களில் ஒரு பகுதியினர் ஆற்றுக்கு அக்கரையில் ஒஹையோவிலும் பக்கத்துப் பென்சில்வேனியாவிலும் குடியிருந்தவர்கள். ஆலை மூடியது ஒரு நகரில். வேலையிழப்போ மூன்று மாநிலங்களின் கவுன்ட்டிகளில் சிதறிப் பதிவாகும், எந்த ஒன்றிலும் முழு அளவில் தெரியாமல்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். கவுன்ட்டி விகிதம் நேரடியாக வீடு வீடாகக் கேட்டு வருவதன்று. நாட்டுக்கே 60,000 வீடு என்றால், ஆறாயிரம் பேர் வாழும் கால்ஹூன் கவுன்ட்டிக்கு எத்தனை வீடு கிடைக்கும்? அதனால் வேலையிழப்புக் காப்பீடு கேட்டு வரும் விண்ணப்பங்கள், நிறுவனங்கள் காட்டும் சம்பளப் பட்டியல், மாநில அளவிலான மாதிரி ஆகியவற்றைச் சேர்த்து மதிப்பிடுகிறார்கள். பொறுப்போடு செய்கிற வேலைதான். ஆனால் கால்ஹூன் போன்ற இடத்தில் உழைப்புப் படையே இரண்டு மூன்று ஆயிரம். முப்பது பேர் வேலை இழந்தால் விகிதம் ஒரு புள்ளி ஏறிவிடும். மாநிலத்திலேயே மிக உயர்ந்த விகிதம் அடிக்கடி அங்கே பதிவாவதற்கு வறுமையோடு இந்தச் சிறிய அளவும் சேர்கிறது.

இனி அந்த உணவுச் சீட்டு.

1996-இல் வந்த கூட்டரசுச் சட்டம், 18 முதல் 49 வயதுக்குட்பட்ட, குழந்தைகள் இல்லாத, உடல் தகுதியுள்ளோருக்கு ஒரு வரம்பு வைத்தது. வாரத்துக்கு 20 மணி நேரம் வேலையோ பயிற்சியோ இல்லாவிட்டால், மூன்று ஆண்டுகளில் மூன்று மாதம் மட்டுமே உணவு உதவி. ஆனால் ஒரு விலக்கும் இருந்தது: வேலையின்மை 10 விழுக்காட்டுக்கு மேல் உள்ள இடங்களிலும், போதிய வேலைகள் இல்லாத இடங்களிலும் மாநிலம் கேட்டால் வரம்பைத் தளர்த்தலாம். வெஸ்ட் வர்ஜீனியா 2016 ஜனவரியில், வேலையின்மை குறைவாக இருந்த ஒன்பது கவுன்ட்டிகளில் அந்தத் தளர்வை நிறுத்திப் பார்த்தது. ஜெஃபர்சன், பெர்க்லி, மொனங்கேலியா, தலைநகர் சார்ல்ஸ்டன் இருக்கும் கனாவா ஆகியவை அவற்றில் அடக்கம். ஐயாயிரத்துக்கும் மேற்பட்டோர் உணவு உதவியை இழந்தனர். வேலைவாய்ப்பில் குறிப்பிடத்தக்க மாற்றம் எதையும் காணவில்லை என்று மாநில அரசின் துறையே பிறகு தன் அறிக்கையில் சொன்னது. அப்படியிருந்தும் 2018-இல் மாநிலச் சட்டமன்றம் இதைப் படிப்படியாக எல்லாக் கவுன்ட்டிகளுக்கும் விரிக்கச் சட்டம் இயற்றியது.

2025 ஜூலை 4 அன்று கையெழுத்தான கூட்டரசுச் சட்டம் இன்னும் ஓரடி எடுத்து வைத்தது. வயது வரம்பு 64 வரை உயர்ந்தது. போதிய வேலைகள் இல்லாத இடம் என்ற விலக்கு போய்விட்டது. அலாஸ்கா, ஹவாயி தவிர மற்ற மாநிலங்களில் வேலையின்மை 10 விழுக்காட்டைத் தாண்டினால் மட்டுமே தளர்வு.

மெக்டவலுக்கு இதன் பொருள் என்ன என்று பார்க்க வேண்டும். அங்கே விகிதம் 10-க்குக் கீழே இருப்பது வேலை மலிந்ததால் அன்று, தேடுவோர் அருகியதால். எத்தனை பேர் நம்பிக்கை இழந்து தேடுவதை விடுகிறார்களோ, அத்தனைக்கு அந்தக் கவுன்ட்டி சட்டத்தின் கண்ணுக்கு நலமாகத் தெரியும். இயலாமை உதவித்தொகை பெறுவோருக்கு விலக்கு உண்டு. ஆனால் அந்தத் தொகைக்கு விண்ணப்பித்து ஆண்டுக்கணக்கில் காத்திருப்பவர், மருத்துவரைப் பார்க்கவே மலை இறங்க வேண்டியவர், கார் இல்லாதவர், நிலக்கரிச் சுரங்கம் மூடியபின் 58 வயதில் எவரும் வேலைக்கு எடுக்காதவர் என்று ஒரு கூட்டம் நடுவில் மாட்டிக்கொள்கிறது. வேலை கிடைக்காத ஊரில், வேலை செய்து காட்டு என்று அவர்களிடம் கேட்பது கொடுமை. அதை வேறு சொல்லால் மென்மையாக்க முடியாது.

இதற்கு மாற்று வழி தெரியாமல் இல்லை. 1965-இல் அமைந்த அப்பலாச்சிய வட்டார ஆணையம், கவுன்ட்டிகளை வறிய நிலை முதல் வளமான நிலை வரை ஐந்தாக வகுக்கும்போது வேலையின்மையை மட்டும் நம்புவதில்லை. மூன்றாண்டுச் சராசரி வேலையின்மையோடு தலைக்குரிய வருமானத்தையும் வறுமை விகிதத்தையும் சேர்த்தே பார்க்கிறது. அந்தப் பட்டியலில் மெக்டவல் எப்போதும் அடித்தட்டிலேயே வந்திருக்கிறது. வயது வந்தோரில் எத்தனை பேர் உண்மையில் வேலையில் இருக்கிறார்கள் என்ற எண்ணும், ஐந்தாண்டு மாதிரிகளைத் திரட்டி, ஒவ்வொரு கவுன்ட்டிக்கும் ஆண்டுதோறும் மக்கள்தொகைத் துறையால் வெளியிடப்படுகிறது. 10 விழுக்காடு என்ற வரியின் பக்கத்தில் அந்த எண்ணையும் உணவு உதவிச் சட்டத்தில் எழுதிவைக்க, அமெரிக்க நாடாளுமன்றத்துக்குப் புதிதாக ஒரு கணக்கெடுப்புகூடத் தேவையில்லை.